முன்சீப் வீட்டு வழக்கு

என் பெயருக்கு வந்த முதல் கோர்ட் சம்மனை அனுப்பியவர் என் சொந்த அத்தை. அப்பாவின் தங்கை. சின்ன வயதில் எனக்குப் பேன் பார்த்துத் தலை பின்னிவிட்டவர். 2017-இல் ஒரு மத்தியானம் அமீனா வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகு காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். வாதி, அத்தை. முதல் பிரதிவாதி, பெரியப்பா. அப்பா காலமாகிவிட்டதால் அவர் இடத்தில் அம்மா, நான், தம்பி என்று மூன்று பிரதிவாதிகள். பாகப்பிரிவினை வழக்கு.

ஊரில் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் எங்களிடம் ஒன்றைத்தான் கேட்டார்கள். "முன்சீப் வீட்டு வழக்கே கோர்ட்டுக்குப் போயிருச்சா?" கேட்ட குரலில் வருத்தம் பாதி, சந்தோஷம் பாதி.

தாத்தா கிராம முன்சீப்பாக இருந்தவர். மதுரைக்குத் தெற்கே, பருத்தியும் மிளகாயும் மல்லியும் விளையும் கரிசல் ஊர். முன்சீப் என்றால் தீர்வை வசூலிப்பவர், பிறப்பு இறப்பு எழுதுபவர் என்றுதான் என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம். ஆனால் அந்தப் பதவி உண்டானதே வழக்குத் தீர்க்கத்தான். 1816-இல் மதராஸ் மாகாணத்தில் வந்த சட்டங்கள் ஊர்த் தலைவரையே முன்சீப் ஆக்கி, சின்னத் தொகை வழக்குகளை ஊரிலேயே முடிக்கச் சொல்லின. அதற்குப் பின்னால் இருந்தவர் கும்பினி அதிகாரி தாமஸ் மன்றோ. அதே வருஷம் ஊர்ப் பஞ்சாயத்துக்கென்றும் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சர்க்கார் பஞ்சாயத்தை ஜனங்கள் அவ்வளவாக நாடவில்லை. இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. முத்திரை குத்தாத பஞ்சாயத்து ஏற்கெனவே கோயில் வாசலில் நடந்துகொண்டிருக்கும்போது முத்திரை குத்தியதை யார் தேடிப் போவார்கள்?

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சி, பரம்பரையாக வந்த கிராம அலுவலர் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. அப்புறம் வி.ஏ.ஓ. வந்தார். தாத்தாவுக்குப் பதவி போனது, பெயர் போகவில்லை. வரப்பைச் சீவிவிட்டான், ஆடு வெள்ளாமையில் மேய்ந்துவிட்டது, சீட்டுப் பணத்தைத் தரவில்லை என்று எதுவாக இருந்தாலும் எங்கள் திண்ணைக்கு ஆள் வந்துவிடும். பெரிய பிராது என்றால் காளியம்மன் கோயில் மண்டபம்.

மண்டபத்துக்கு ஒரு முறை இருந்தது. பிராது கொடுக்கிறவர் பணம் கட்ட வேண்டும், எதிராளியும் அதே அளவு கட்ட வேண்டும். பேச எழுந்திருப்பவர் முதலில் சபைக்கு விழுந்து கும்பிட வேண்டும். தோற்றவர் பணம் கோயில் கணக்குக்குப் போகும், அதற்கு மேல் தெண்டம் தனி. தீர்ப்பை ஒருவர் நோட்டில் எழுதுவார், இரண்டு பக்கமும் கையெழுத்தோ கைநாட்டோ. பதிவு, முத்திரைத்தாள் எதுவும் கிடையாது. ஊர் பார்த்திருக்கிறது என்பதுதான் பதிவு.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது நடந்த கிணற்றுப் பிராது ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு பங்காளிக் குடும்பம், நடுவில் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. மும்முனைக் கரண்டு பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். தன் முறைநாளில் எதிராளி ராத்திரி எழுந்துபோய் மோட்டாரைப் போட்டுக்கொள்கிறான் என்று ஒருவர் பிராது. அவர்தான் போடுகிறார் என்று மற்றவர். பார்த்த சாட்சி யாருமில்லை. சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லுங்கள் என்று கூட்டத்தில் சத்தம். இரண்டு பேரும் தயார் என்றார்கள்.

தாத்தா சத்தியத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை. காரணத்தை அங்கே சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னதைத்தான் நான் கேட்டேன். "ரெண்டு பேருமே திருடுதானுக. ஒருத்தன் சூடத்தை அணைப்பான். நாளைக்கு அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா சாமி குத்தம்பானுக. அதுக்கு ஒரு பஞ்சாயத்து கூட்டணும்." மண்டபத்தில் அவர் செய்தது வேறு. மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு. சாவி, விடிய விடியத் திறந்திருக்கும் பஸ் நிறுத்தத்து டீக்கடையில். யாருக்கு முறையோ அவர் வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். டீக்கடைக்காரர் இரண்டு பக்கத்துக்கும் கடன் கொடுத்திருந்தவர். எந்தப் பக்கமும் சாயமாட்டார், யாரும் அவரைப் பகைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். திருடியது யார் என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து அந்தக் கிணற்றுக்கு அதற்குப் பிறகு பிராது வரவில்லை.

வக்கீல் நண்பர்களிடம் இதைச் சொன்னால் ரசிப்பார்கள். 'இதைத்தான் சார் இப்போ நாங்க பயிற்சி வகுப்பு வச்சுச் சொல்லிக்கொடுக்கிறோம்' என்று ஒருவர் சொன்னார். நடந்ததைத் தோண்டாமல் நடக்கப்போவதைச் சரிசெய்வது, மூன்றாவது ஆளின் நம்பகத்தைப் பயன்படுத்துவது, தோற்றவர் என்று ஒருவரைக் காட்டாமல் அனுப்புவது. எல்லாம் அந்த ஒரு பூட்டில் இருக்கிறது. நானும் பல வருஷம் இந்தக் கதையை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் நடந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அதே மண்டபம், அதே தாத்தா. காலனியிலிருந்து ஒரு பையன், பதினெட்டு வயது இருக்கும். எங்கள் தெருவில் சைக்கிளில் வந்தபோது ஒரு பெரியவர் மேல் இடித்துவிட்டான். பெரியவருக்கு முட்டியில் சிராய்ப்பு. இடித்தது பிராது இல்லை. எங்கள் தெருவில் சைக்கிளை விட்டு இறங்காமல் வந்ததுதான் பிராது. மண்டபத்துக்குள் அவனை ஏற்றவில்லை, கீழே மண்ணில் நிற்கவைத்தார்கள். தெண்டம் போட்டார்கள். பெரியவர் காலில் விழச் சொன்னார்கள். விழுந்தது அவன் மட்டுமில்லை, அவனுடைய அப்பாவும். தாத்தா குரல் உயர்த்தவில்லை, யாரையும் திட்டவில்லை. கிணற்றுப் பிராதில் பேசிய அதே நிதானமான குரல். தெண்டத்தைக் கொஞ்சம் குறைத்ததாகக்கூட ஞாபகம். நல்ல மனுஷர் என்று காலனியிலும் சொல்வார்கள். அதுதான் இப்போது என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது.

டீக்கடைக்காரரின் கடன் கணக்கு வரைக்கும் தெரிந்துவைத்திருந்த அந்தச் சபைக்கு அந்தப் பையனைப் பற்றியும் 'எல்லாம் தெரியும்'. எந்தத் தெரு, யார் மகன், எங்கே நிற்க வேண்டியவன். அதற்கு மேல் அவனிடம் கேட்க எதுவுமில்லை. ஒரு வார்த்தை பேசச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நம் ஊரில் பேச்சு இந்த இடத்துக்கு வந்ததும் யாராவது ஒருவர் உத்திரமேரூரை எடுப்பார். பராந்தகச் சோழன் காலம், 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை, வாரியங்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பெருமைப்படுகிறவர்கள் அந்தக் கல்வெட்டின் தகுதிப் பட்டியலையும் படிக்கலாம். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள். சொந்த மனையில் வீடு. மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. கணக்குக் காட்டாதவரும் வரக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களும் வரக்கூடாது. அது பிராமணர் ஊர்ச் சபை, நிலமும் வேதமும் இல்லாதவருக்கு ஓலையே கிடையாது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சுழற்சியும் கணக்கும் வைத்திருந்த அந்தச் சபையை, சாகிறவரை ஒரே ஆள் உட்கார்ந்திருந்த எங்கள் காளியம்மன் மண்டபத்துக்கு முன்னோடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கட்டப் பஞ்சாயத்து என்ற சொல் எங்கள் ஊரில் அப்போது புழங்கியதே இல்லை. அது டவுன் சொல். ரவுடி, வட்டிக்காரர், காலி செய்ய மறுக்கும் வாடகைக்காரர் என்று அதற்கு வேறு சூழல். ஆனால் 2011 ஏப்ரலில் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் வடக்கே உள்ள காப் பஞ்சாயத்துகள் என்னும் சாதிச் சபைகளையும் தமிழ்நாட்டின் கட்டப் பஞ்சாயத்துகளையும் ஒரே வரியில் வைத்து, முழுக்கச் சட்டவிரோதம், அடியோடு ஒழிக்க வேண்டும் என்றது. 2018-இல் சக்தி வாஹினி வழக்கில், வயதுவந்த இருவர் விரும்பிச் செய்யும் கல்யாணத்தில் எந்தக் கூட்டமும் தலையிட முடியாது என்றது. ஊர்விலக்கு வைப்பது, தண்ணீரை மறிப்பது, வேலை கொடுக்காமல் தள்ளிவைப்பது எல்லாம் பட்டியல் சாதியினருக்கு எதிராகச் செய்தால் 2015-இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நேரடியாகவே குற்றம். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் மட்டும், நமக்குச் சாதகமாகப் பேசினால் ஊர்ப் பஞ்சாயத்து, எதிராகப் பேசினால் கட்டப் பஞ்சாயத்து என்று பிரித்துவைத்திருக்கிறார்கள்.

சுனாமிக்குப் பிறகு 2005 தொடக்கத்தில் சில வாரம் நாகப்பட்டினம் பக்கம் தன்னார்வலராகப் போயிருந்தேன். கடலோர ஊர்களில் மீனவர் பஞ்சாயத்து எவ்வளவு பலமானது என்று அங்கேதான் பார்த்தேன். நாட்டார் என்று சொல்லும் தலைவர்கள், ஊர் வரி, ஊர்க் கட்டுப்பாடு. எந்த வலையைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்றுகூட அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்; மீன்கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைக்கு எதிராக அரசு உத்தரவு 2000-இலேயே வந்துவிட்டாலும், ஊருக்கு ஊர் அது நடப்பதும் நடக்காததும் பஞ்சாயத்துக் கையில் இருந்தது. அரிசி மூட்டை லாரியில் வந்து இறங்கினால் அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடும். எந்த அலுவலகத்தாலும் அந்த வேகத்தில் செய்ய முடியாது. எந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கவே வேண்டாம், தெரியும். பட்டியல் தலைக்கட்டு வரிப் பட்டியல். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். புருஷனைக் கடல் கொண்டுபோன பெண் எந்தத் தலைக்கட்டு? இதைக் கேட்டுக்கொண்டு வரிசைக்கு வெளியே நின்ற பெண்களையும் அந்த ஊர்களில்தான் பார்த்தேன். யாரும் அவர்களை வேண்டுமென்று விடவில்லை. பட்டியலில் அவர்களுக்கு ஒரு வரி இருந்ததே இல்லை.

அப்போதுதான் முதல்முறையாக என் அத்தையின் ஞாபகம் வந்தது.

தாத்தா 1990-இல் இறந்தார். அடுத்த வருஷம் திதி முடிந்த கையோடு அதே மண்டபத்தில் சொத்துப் பிரித்தார்கள். பெரியப்பாவுக்கு வீடும் மேற்குத் தோட்டமும், அப்பாவுக்குக் கிழக்குத் தோட்டமும் ரோட்டை ஒட்டிய புஞ்சையும். அத்தைக்கு 1979-லேயே கல்யாணம் பண்ணி, நகை போட்டு, சீர் செய்தாகிவிட்டது. 'பொம்பளப்பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாச்சு, இனி பாத்தியதை இல்லை' என்று நோட்டில் எழுதி அத்தையிடம் கையெழுத்து வாங்கினார்கள். பெண்கள் மண்டபத்தில் உட்காரக்கூடாது. அத்தை ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். நோட்டை எங்கள் தம்பிதான் எடுத்துக்கொண்டுபோய் நீட்டினான். கையெழுத்துப் போட்டுவிட்டு என்னவோ சொன்னார். மண்டபத்தில் யாருக்கும் கேட்கவில்லை, எனக்கும்தான்.

சட்டத்தைப் பார்த்தால் அப்போதே அந்த நோட்டு தப்பு. 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே, செத்துப்போன அப்பாவின் பங்கில் மகளுக்கு இடம் உண்டு. தமிழ்நாடு 1989-இல் பரம்பரைச் சொத்திலேயே மகளுக்குச் சமபங்கு கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை என்று ஒரு கதவைச் சாத்தியது. அத்தை அந்தக் கதவுக்கு வெளியே. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தக் கதவையும் திறந்தது. அதிலும் ஒரு விலக்கு: 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்த பத்திரத்தாலோ கோர்ட் டிக்ரியாலோ பிரித்த சொத்தைத் தொட முடியாது.

எங்களுடையது பதிவு செய்த பத்திரம் இல்லையே. ஊர் பார்த்ததுதானே பதிவு. கோயில் நோட்டுதான். யாரும் சார்பதிவாளர் ஆபீஸ் பக்கம் போகவே இல்லை. போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தாத்தாவின் மண்டபம் தன் சொல் போதும் என்று அவ்வளவு நிச்சயமாக நம்பியது. அந்த நிச்சயம்தான் 26 வருஷம் கழித்து அத்தைக்கு வழிவிட்டது. பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் சுந்தரரை அடிமை என்று ஓலை காட்டிய கிழவரிடம் கேட்ட மூன்று சான்றுகள் உண்டல்லவா, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. அதாவது அனுபவம், எழுத்து, அக்கம்பக்கத்தார் சாட்சி. எங்கள் பக்கம் ஆட்சி இருந்தது, காட்சிக்கு ஊரே இருந்தது. ஆவணம் இல்லை. இந்தக் காலத்துச் சபை மூன்றில் ஒன்றைத்தான் மதிக்கிறது.

நான் எந்தப் பக்கம் என்று கேட்கலாம். காகிதத்தில் பிரதிவாதி. ரோட்டை ஒட்டிய புஞ்சை நாலுவழிச்சாலை வந்த பிறகு என்ன விலைக்குப் போகும் என்பதும் எனக்குத் தெரியும். நானும் ஒரு வீட்டின் மகள்தான் என்பதும் தெரியும். அம்மாவிடம் அத்தைக்குப் பங்கு கொடுத்துவிடலாம் என்று ஒருதரம் சொல்லிப்பார்த்தேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கோர்ட் என்றாலே அம்மாவுக்குப் பயம் என்று சொல்ல முடியாது. எங்களுக்கு ஏற்கெனவே ஒரு அனுபவம் உண்டு. 2008-இல் அப்பாவை லாரி ஒன்று இடித்துக் கால் உடைந்தது. நஷ்ட ஈடு வழக்கு மூன்று வருஷம் வாய்தாவில் ஓடிய பிறகு, மக்கள் நீதிமன்றத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார் வக்கீல். லோக் அதாலத். சனிக்கிழமை, கோர்ட் வளாகம் முழுக்கத் திருவிழாக் கூட்டம். மேஜைக்குப் பின்னால் ஒரு நீதிபதி, பக்கத்தில் ஒரு வக்கீல், ஒரு சமூக சேவகர். எதிரே காப்பீட்டு நிறுவனத்தின் ஆள், கால்குலேட்டரோடு. நாங்கள் கேட்டது 6 லட்சம். அவர் 2 லட்சம் என்றார். எங்கள் வக்கீல் 3 என்றார். 2 லட்சத்து 40 ஆயிரத்தில் நின்றது. மொத்தம் பதினைந்து நிமிஷம். அப்பா ஊன்றுகோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மக்கள் நீதிமன்றத்தின் கதை 1982-இல் குஜராத்தின் ஊனாவில் தொடங்குகிறது. 1987-இல் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வந்தது, நடைமுறைக்கு வர 1995 நவம்பர் 9 வரை ஆனது. அங்கே எழுதும் தீர்வு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பி வரும். நீதிபதி மேஜையில் உட்கார்ந்திருந்தாலும் அவர் அங்கே தீர்ப்புச் சொல்லவே முடியாது. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் எழுதலாம், இல்லாவிட்டால் வழக்குக் கட்டைக் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். 2008-இல் ஜலோர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. எங்களுக்கு அது தெரியாது. நீதிபதி முகத்தைப் பார்த்து, இனி வேறு வழியில்லை என்று நினைத்துத்தான் அப்பா கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷம் வாய்தாவுக்கு அலைந்தவர் முன்னால் ஒரு தொகையை வைத்து 'உங்கள் இஷ்டம்தான்' என்று சொன்னால் அது எவ்வளவு தூரம் இஷ்டம்? பணம் சீக்கிரம் வந்தது, அதை மறுக்கவில்லை. இரண்டாவது ஆபரேஷனுக்கு உதவியது. ஆனால் அந்தக் காலை யாரும் பார்க்கவில்லை. வயது, சம்பளம், ஊன சதவீதம், பெருக்கல்.

மண்டபத்தில் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

அத்தையின் வழக்கு மூன்று வருஷத்துக்கு மேல் கிடந்தது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டில்லை, மகளுக்குப் பிறப்பால் உரிமை என்று சொன்னதும் பெரியப்பாவின் வக்கீலுக்கே குரல் இறங்கிவிட்டது. நீதிபதி சமரச மையத்துக்கு அனுப்பினார்.

சிவில் நடைமுறைச் சட்டத்தில் 89-ஆம் பிரிவு 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வழக்கை வெளியே பேசித் தீர்க்க அனுப்பலாம் என்பது அதன் சாரம். அந்தத் திருத்தங்களை எதிர்த்து வழக்குப் போட்டது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம். திருத்தம் செல்லும் என்றும் வழிமுறை இன்னது என்றும் தீர்ப்பு வாங்கிக் கொடுத்ததும் அதே வழக்குதான். 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் திறந்தார்கள், நீதிமன்றத்தோடு சேர்ந்த சமரச மையங்களில் நாட்டிலேயே முதலாவது. அப்புறம் மாவட்டங்களுக்கு வந்தது.

எங்கள் மாவட்டத்து மையம் ஒரு சின்ன அறை. வட்ட மேஜை, ஆறு நாற்காலி, பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர். சமரசர் ஒரு பெண் வக்கீல், வேறு ஊர்க்காரர். முதலில் விதிகளைச் சொன்னார். இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது, கோர்ட்டில் சாட்சியாக வராது. பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். யாரும் யாரையும் நடுவில் மறிக்கக்கூடாது. பிறகு அத்தையைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது, முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.

அத்தை நாற்பது நிமிஷம் பேசினார். நான் என் வாழ்க்கையில் அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசிக் கேட்டதில்லை. நிலத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் இருக்கும். மற்றதெல்லாம் வேறு. 1991-இல் அந்த நோட்டை நீட்டியபோது அவர் கேட்டது என்ன என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. "நெலம் வேண்டாம்ணே, அம்மாவோட அண்டாவை மட்டும் குடுத்துருங்கன்னு சொன்னேன். எட்டு தடவை சொன்னேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல." ஆச்சியின் பித்தளை அண்டா. அடியில் ஆச்சி பெயர் வெட்டியது. அத்தை பிறந்தபோது குளிப்பாட்டியதும், பெரிய மனுஷியானபோது தண்ணீர் ஊற்றியதும் அந்த அண்டாவில்தான்.

பெரியப்பா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். அத்தை பதில் சொல்லவில்லை. சமரசரும் சொல்லவில்லை, ஆனால் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருத்தல் தாத்தாவுக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் 'முதல்ல இருந்து சொல்லுங்க' என்று தாத்தா யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. தெரிந்தவருக்குக் கேட்க என்ன இருக்கிறது?

நாலு அமர்வு. ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக உட்காரவைத்தும் பேசினார். தனி அமர்வில் அம்மா அழுதார். அப்பாவின் ஆபரேஷனுக்கு அத்தை தன் வளையலை அடகு வைத்துப் பணம் கொடுத்ததை அம்மாவே சொன்னார். அதுவரைக்கும் எனக்கும் தம்பிக்கும் அது தெரியாது. குறிப்பெடுத்த தாள்களை ஒவ்வொரு அமர்வு முடிவிலும் சமரசர் எங்கள் முன்னாலேயே கிழித்துப் போட்டார்.

எல்லாம் இனித்துவிட்டது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. கணக்குப் போட்டால் அத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு வர வேண்டும், வந்தது அதற்குக் கொஞ்சம் கீழே. தீர்ப்பு வரைக்கும் போயிருந்தால் முழுசாகக் கிடைத்திருக்கும் என்று அவருடைய வக்கீல் முணுமுணுத்தார், நியாயம்தான். அறுபது தாண்டியவரிடம் 'இன்னும் எத்தனை வருஷம் அலைவீங்க' என்ற கேள்வி அந்த அறையிலும் மேஜைக்கு அடியில் இருந்துகொண்டேதான் இருந்தது. மக்கள் நீதிமன்றத்தில் அப்பா முன்னால் இருந்த அதே கேள்வி. புருஷன் அடித்தான் என்று வந்து நிற்கும் பெண்ணை இதே மாதிரி ஒரு மேஜையில் உட்காரவைத்து 'அனுசரிச்சுப் போங்க' என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. அது சமரசமே இல்லை, மண்டபம்தான். ஃபேனும் நாற்காலியும் போட்டிருக்கிறார்கள்.

அத்தை கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பி வந்தது. பெரிய தொகை இல்லை. 2021-இல் உச்ச நீதிமன்றம் நம் சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றிலேயே, கோர்ட் அனுப்பாமல் தாங்களாகவே வெளியே பேசித் தீர்த்துக்கொண்டவர்களுக்கும் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. இது பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

2023-இல் வந்த சமரசச் சட்டத்தைப் போன மாதம்தான் உட்கார்ந்து படித்தேன். அதில் சமூக சமரசம் என்று ஒரு அத்தியாயம். ஒரு பகுதியில் வசிக்கும் குடும்பங்களின் அமைதியைக் குலைக்கக்கூடிய தகராறுகளை, இரண்டு பக்கமும் முன்கூட்டிச் சம்மதித்தால், மூன்று சமரசர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். யார் அந்த மூன்று பேர்? சமூகத்தில் மதிப்பும் நேர்மையும் உள்ளவர்கள், ஊருக்கு நல்லது செய்தவர்கள், குடியிருப்போர் சங்கத்தினர் என்று பட்டியல் போகிறது. பெண்களுக்கு இடம் கொடுப்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. அங்கே எழுதும் ஒப்பந்தம் டிக்ரி ஆகாது, கோர்ட் வழியாக நிறைவேற்ற முடியாது. படித்து முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமூகத்தில் மதிப்புள்ளவர் என்று எங்கள் ஊரில் இன்றைக்குக் கேட்டாலும் தாத்தா மாதிரி ஒருவரைத்தான் கைகாட்டுவார்கள். சைக்கிளில் வந்த பையனைக் கைகாட்டுவார்களா? அவர் இப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். அந்த மூன்று பேரில் ஒருவராக அவர் உட்கார்ந்தால் அந்தச் சட்டத்தை நான் நம்புவேன். ஊருக்கு அவர் வருவதில்லை.

சரி, அண்டா. ஒப்பந்தத்தில் நிலம், சர்வே எண், தொகை, தவணை எல்லாம் எழுதி முடிந்ததும் அத்தை, "அண்டாவையும் எழுதுங்க" என்றார். இரண்டு வக்கீல்களும் சிரித்தார்கள். சமரசர் சிரிக்காமல் எழுதினார். ஏழாவது ஷரத்து: பித்தளை அண்டா ஒன்றை முதல் பிரதிவாதி வாதியிடம் ஒப்படைக்க வேண்டியது. பெரியப்பா உடனே கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் என்னிடம் மெதுவாகச் சொன்னார், அதை 1994-லேயே எடைக்குப் போட்டாகிவிட்டதாம். மகளுக்குப் பீஸ் கட்ட.

ஒரு மாதம் கழித்து அத்தை அண்டாவை வாங்க ஊருக்கு வந்தார். நானும் கூடப் போயிருந்தேன். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று திண்ணையில் வைத்திருந்தார் பெரியப்பா. மதுரையில் பழைய பாத்திரக் கடைகளில் நாலு நாள் அலைந்து, அதே அளவில் தேடி வாங்கியதாம். அத்தை அதைச் சாய்த்து, அடியில் வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவினார். வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர். கீழே 1962 என்று வருஷம்.

பெரியப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருண்ணே இது?" என்றார் அத்தை.

பெரியப்பா திரும்பவில்லை. அத்தை கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்டாவை நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஆட்டோவைக் கூப்பிடு தாயி. இதைத் தனியாத் தூக்க முடியாது, அண்ணனை ஒரு கை பிடிக்கச் சொல்லு" என்றார்.